பெர்மனன்ட் வேலையா, லோகமா, ரெண்டும் கலந்தா? கிட்னி டாக்டர் வீட்டுல உக்காந்து போட வேண்டிய கணக்கு

நெஃப்ராலஜி, அதாவது கிட்னி வைத்திய ட்ரெயினிங் முடிக்கப் போறவங்களும் சரி, ஒரே இடத்துல வருஷக்கணக்கா ஓடி அலுத்துப் போனவங்களும் சரி, சுத்திச் சுத்தி கேக்கறது ஒரே கேள்விதான். ஒரு குரூப்லயோ ஆஸ்பத்திரிலயோ பெர்மனன்டா உக்காந்துடலாமா, இல்ல லோகமா (locum, அதாவது இன்னொரு டாக்டரோட இடத்துல தற்காலிகமா வேலை பாக்கறவரா) போயி வாரக்கணக்குல வேலை பாத்துட்டு மிச்ச நாளெல்லாம் வீட்டோட இருக்கலாமா, இல்ல ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்துக்கலாமா. இதுக்கு எல்லாரும் உடனே ரெண்டு கணக்கு போடுவாங்க. ஒண்ணு ஒரு நாளைக்கு எவ்ளோ காசு, இன்னொண்ணு வருஷத்துக்கு எத்தனை நாள் வீட்டுல இருப்போம். நான் பாத்த வரைக்கும் இந்த ரெண்டு கணக்குமே குடும்பத்துக்கு எது ஒத்து வரும்னு சொல்லாது. வீட்டுல இருக்கற நேரத்துல உங்க போனுக்கு யாரு பதில் சொல்றா, நீங்க வெளியூர்ல இருக்கற நேரத்துல வீட்டுக்கு யாரு பதில் சொல்றா, இந்த ரெண்டுதான் முடிவு பண்ணும்.

முதல்ல இந்த ஸ்பெஷாலிட்டியோட குணம் என்னன்னு பாத்துடலாம், ஏன்னா ஸ்கின் டாக்டர் லோகம் போறதும் கிட்னி டாக்டர் லோகம் போறதும் ஒண்ணு இல்ல. டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம். திங்கள் புதன் வெள்ளி ஒரு செட்டு, செவ்வாய் வியாழன் சனி இன்னொரு செட்டு. பண்டிகையோ லீவோ மெஷின் நிக்காது, அன்னிக்கு லீவு விட்டா அதுக்கு முந்தின நாளோ அடுத்த நாளோ யாராவது ஓட்டியே ஆகணும். வாரத்துல ஒரு தடவை ரெண்டு நாள் கேப் விழும் பாருங்க, அதுதான் வம்பு. 2011ல வந்த ஒரு பெரிய ஆய்வு, 32,000 பேருக்கு மேல வெச்சு பாத்தது, அந்த நீளமான கேப் முடிஞ்ச நாள்ல சாவும் ஹாஸ்பிட்டல் அட்மிஷனும் மத்த நாளை விட அதிகம்னு காட்டுச்சு. ஆய்வு வர்றதுக்கு முன்னாடியே இது எல்லா டயாலிசிஸ் யூனிட் நர்ஸுக்கும் தெரியும்தான். மூச்சு வாங்குது, பொட்டாசியம் ஏறிடுச்சுன்னு ஞாயித்துக்கிழமை ராத்திரியே எமர்ஜென்சிலேர்ந்து போன் வந்துடும். ஆக ஊரே ஓய்வா இருக்கற நேரம்தான் நமக்கு வேலை நேரம், அது நம்ம ஒழுங்கில்லாததால இல்ல, நோயோட காலண்டரே அப்படி.

இன்னொரு குணமும் இருக்கு. 1943ல கோல்ஃப்ங்கற டாக்டர் நெதர்லாந்துல தன்னோட டயாலிசிஸ் மெஷினை மனுஷனுக்கு ஓட்டினப்போ ஒவ்வொரு தடவையும் புதுசா ரத்தக்குழாயைத் தேடணும், அதனால கொஞ்ச நாளைக்கு கிட்னி நின்னு போனவங்களைத் தான் காப்பாத்த முடிஞ்சது. 1960ல சியாட்டில்ல ஸ்க்ரிப்னர்ங்கற டாக்டர் டெஃப்லான் ஷன்ட் (கையில நிரந்தரமா வெச்சுடற குழாய்) வெச்ச பிறகுதான் ஒரே ஆளுக்கு வாரா வாரம் டயாலிசிஸ் பண்ண முடிஞ்சது. முதல்ல வெச்சுக்கிட்ட க்ளைட் ஷீல்ட்ஸ் 1971 வரைக்கும் உயிரோட இருந்தாரு. 1966ல ஃபிஸ்டுலா (கையில தமனியையும் சிரையையும் ஆபரேஷன் பண்ணி இணைக்கறது) வந்துச்சு, இன்னிக்கும் அதுதான். அன்னிலேர்ந்து நெஃப்ராலஜிஸ்ட்ன்னா ரெண்டு விதமான ஆளா ஆயிட்டாரு: ஒரு பக்கம் ஐசியுல ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடற ஆளு, இன்னொரு பக்கம் ஒரே பேஷன்ட்டை பத்து வருஷம் வாரா வாரம் பாக்கற ஆளு. பெர்மனன்ட் வேலை ரெண்டையும் தரும். லோகம் பெரும்பாலும் முதல் ஆளை மட்டும்தான் கேக்கும். இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

பெர்மனன்ட் வேலைல கிடைக்கறதும் போறதும்

கிடைக்கறதைச் சொல்லணும்னா டிரை வெயிட்டை, அதாவது உடம்புல தேங்கின தண்ணி போன பிறகு இருக்க வேண்டிய எடையை எடுத்துக்கோங்க. இந்த ஆளுக்கு 62 கிலோல தண்ணி எல்லாம் போயிருச்சா, இல்ல 60.5 வரைக்கும் இறக்கலாமான்னு எந்த டெஸ்ட்டும் முழுசா சொல்லாது, வாரா வாரம் பாத்து, இறக்கி, கால் இழுத்துக்குதா பிபி விழுதா பாத்து, போன மாசம் சரியா சாப்பிடாம உடம்பு இளைச்சுட்டாரு அதனால எடை அதேதான் ஆனா உள்ள தண்ணி கூடிருக்குன்னு கண்டுபிடிச்சு, இப்படித்தான் போகும். அந்த ஆளைத் தெரிஞ்ச டாக்டர்தான் இதைப் பண்ண முடியும். டயாலிசிஸ் எப்ப ஆரம்பிக்கறதுங்கறதும் அதே கதைதான். 2010ல வந்த ஐடியல் ட்ரையல்ல ஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்ளோ வடிகட்டுதுங்கற நம்பர்) 10லேர்ந்து 14க்குள்ள இருக்கும்போதே ஆரம்பிக்கத் திட்டம் போட்டவங்களும், 5லேர்ந்து 7 வர்ற வரைக்கும் காத்திருக்கத் திட்டம் போட்டவங்களும் பிழைச்சதுல வித்தியாசம் இல்ல. அப்ப நம்பரை வெச்சு முடிவு பண்ண முடியாது, சிம்ப்டம் வெச்சுதான் பண்ணணும், சிம்ப்டமை நம்பணும்னா இந்த அம்மா வலியைச் சொல்லாம அடக்கறவங்களா இல்ல சின்னதுக்கே பயப்படறவங்களான்னு தெரிஞ்சிருக்கணும். மருந்துகளும் அப்படித்தான் ஆயிட்டு வருது. 2019ல க்ரெடென்ஸ், 2020ல டாபா-சிகேடின்னு ரெண்டு ட்ரையல் வந்த பிறகு, கிட்னியைக் காக்கற எஸ்ஜிஎல்டி2 மாத்திரையை கிளினிக்ல நிறைய பேருக்கு ஆரம்பிக்கறோம், ஆரம்பத்துல ஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும், பேஷன்ட் பயப்படுவாரு, பலன் வருஷக்கணக்குல தான் தெரியும். அந்த வருஷங்களைக் கூட இருந்து பாக்கறது இந்த வேலைல இருக்கற பெரிய சந்தோஷம்னு நான் நினைக்கறேன்.

போறது என்னன்னா நிம்மதி. வீட்டுல இருப்பீங்க ஆனா இருக்க மாட்டீங்க. குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லிக் கொடுத்துட்டு இருப்பீங்க, போன் வரும், பொட்டாசியம் 6.8, ஈசிஜில மாறுதல் இருக்கு, கேதீட்டர் (டயாலிசிஸுக்கு ரத்தக்குழாய்ல வெக்கற குழாய்) போடறதுக்கு ஆளு இல்ல. பேசி முடிச்சு திரும்பினா குழந்தை தானே ஏதோ ஒரு விடையை எழுதி வெச்சுட்டு போயிருக்கும். இது ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவால்ல. சாயங்காலம் முழுக்க அப்பா பாதி காதுதான் கொடுப்பாருன்னு பழகிப் போன வீட்டுல, வருஷத்துக்கு 300 ராத்திரி வீட்டுல தூங்கினேன்னு கணக்கு காட்டறதுல என்ன இருக்கு சொல்லுங்க.

இது எவ்வளவு மோசம்ங்கறது சம்பளத்துல இல்ல, குரூப்போட சைஸ்ல இருக்கு. தனியா ப்ராக்டீஸ் பண்றவருக்கு எல்லா ராத்திரியும் அவரோடது. மூணு பேர் குரூப்னா மூணுல ஒண்ணு, அதுல ஒருத்தர் லீவு போனா ரெண்டுல ஒண்ணு. ஆறு பேருக்கு மேல போச்சுன்னா மூச்சு விடலாம், ஆனா அந்த சைஸ் குரூப் பொதுவா நாலஞ்சு ஆஸ்பத்திரியும் ஏழெட்டு டயாலிசிஸ் யூனிட்டும் பாக்கும், அப்ப ஆன் கால் (அவசரம்னா கூப்பிடற முறை) ராத்திரி குறையும், கார்ல போற நேரம் கூடும். இன்டர்வியூல ஆன் கால் எத்தனைக்கு ஒண்ணுன்னு மட்டும் கேக்காதீங்க, ஆன் கால் அன்னிக்கு எத்தனை பில்டிங், மறுநாள் காலைல கிளினிக் உண்டா இல்லையா, இதையும் கேளுங்க. மறுநாள் கிளினிக் இருக்குன்னா அது ஒரு ராத்திரி ஆன் கால் இல்ல, ஒன்றரை நாள்.

பார்ட்னர் ஆக்கறோம்னு சொல்ற குரூப்ல சேர்றவங்க ஒண்ணு கவனிக்கணும். முதல் ரெண்டு மூணு வருஷம் சம்பளம் கம்மியா, ஆன் கால் ஜாஸ்தியா இருக்கும், அதுக்கப்பறம் பங்கு கிடைக்கும்ங்கறது பொதுவான ஏற்பாடு. பல பேருக்கு அந்த ரெண்டு மூணு வருஷம்தான் குழந்தை பொறந்து தவழற வருஷமும். பங்கு பின்னாடி வரும், தவழறது பின்னாடி வராது. அதுக்காக வேண்டாம்னு சொல்லல, போன ரெண்டு மூணு வருஷத்துல அந்த குரூப்ல சேந்தவங்க இப்ப அங்க இருக்காங்களா, பார்ட்னர் ஆனாங்களான்னு விசாரிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

முழு நேர லோகம்

லோகம்னா யாரோ ஒருத்தரோட இடத்தை ரொப்பறது. அவங்க பிரசவ லீவுல இருப்பாங்க, இல்ல வேலையை விட்டுட்டு போயிருப்பாங்க, இல்ல அந்த ஆஸ்பத்திரில ஒரே ஒரு நெஃப்ராலஜிஸ்ட் இருந்து அவருக்கு ஒரு வாரமாவது ஓய்வு வேணும். கடைசியா சொன்னதுதான் நல்ல இடம், ஏன்னா திரும்பி வர்ற ஆளு இருக்காரு, சிஸ்டம் ஓடிட்டு இருக்கு. ஆளே கிடைக்காம வருஷக்கணக்கா லோகத்தை வெச்சே ஓட்டற இடத்துல காசு நல்லா கொடுப்பாங்க, ஏன் ஆளு நிக்க மாட்டேங்கறாங்கன்னு போன மூணாவது நாளே உங்களுக்குப் புரிஞ்சுடும்.

வழக்கமா ஒரு வாரம் இல்ல ரெண்டு வாரம்னு ப்ளாக்கா இருக்கும், அந்த ப்ளாக் முழுக்க 24 மணி நேரமும் நீங்கதான். வேலை பெரும்பாலும் வார்டும் ஐசியுவும். அக்யூட் கிட்னி இஞ்சுரி (ஏகேஐ, திடீர்னு கிட்னி அடி வாங்கறது), சோடியம் 110ல வந்த ஆளு, செப்சிஸ்ல பிபி நிக்காம சிஆர்ஆர்டி (நாள் முழுக்க மெதுவா ஓடற டயாலிசிஸ்) ஓடற ஆளு. படிச்ச படிப்பு அப்படியே கைக்கு வர்ற வேலை, சில பேருக்கு இது ரொம்பப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனா இடம் புதுசு. சோடியம் மெதுவாத்தான் ஏறணும், 24 மணி நேரத்துல 8க்கு மேல போகக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும், அந்த ஆஸ்பத்திரில ராத்திரி ரெண்டு மணிக்கு சோடியம் ரிசல்ட் எவ்ளோ நேரத்துல வரும்னு தெரியாது. சிஆர்ஆர்டி டோஸ் கிலோவுக்கு மணிக்கு 20லேர்ந்து 25 மில்லின்னு தெரியும், அவங்க மெஷின்ல ரத்தம் உறையாம இருக்க சிட்ரேட் ஓட்டறாங்களா ஹெப்பாரினா, ஃபில்டர் அடைச்சா மாத்தத் தெரிஞ்ச நர்ஸ் நைட் ஷிப்ட்ல இருக்காங்களான்னு தெரியாது. போறதுக்கு முன்னாடியே போன்ல கேட்டு வாங்க வேண்டிய தகவல் இதெல்லாம். கேதீட்டர் யார் போடுவா, நீங்களா ஐசியுவா ரேடியாலஜியா, டயாலிசிஸ் நர்ஸ் ராத்திரி உள்ளயே இருப்பாங்களா இல்ல வீட்டுலேர்ந்து வரணுமா, ஒரே நேரத்துல சராசரியா எத்தனை பேஷன்ட் லிஸ்ட்ல இருப்பாங்க, அவுட்பேஷன்ட் யூனிட் ரவுண்ட்ஸும் உங்க தலைலதானா. ஏஜென்சி ஆளுக்கு இதுல பாதி தெரியாது, அங்க இருக்கற டயாலிசிஸ் சார்ஜ் நர்ஸோட நேரா பேசணும்னு கேளுங்க. பேச விடலைன்னா அதுவே ஒரு பதில்.

வேலையில ஒரு நுணுக்கமான சங்கடம் இருக்கு, இதைப் பத்தி யாரும் பேசறதில்ல. 2020ல ஸ்டார்ட்-ஏகேஐ ட்ரையல் வந்துச்சு, ஏறக்குறைய 3,000 பேர். ஐசியுல டயாலிசிஸை சீக்கிரமே ஆரம்பிச்சவங்களுக்கும், தேவைன்னு வர்ற வரைக்கும் பொறுத்திருந்தவங்களுக்கும் 90 நாள்ல சாவு விகிதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பொறுத்திருந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல டயாலிசிஸே தேவைப்படல. சீக்கிரம் ஆரம்பிச்சு பிழைச்சவங்கள்ல 90 நாளுக்கு அப்பறமும் டயாலிசிஸ்லயே இருந்தவங்க அதிகம். ஆக பல சமயம் பொறுமையா பாக்கறதுதான் சரி. ஆனா பொறுமையா பாக்கறதுக்கு நாளைக்கும் நாளன்னிக்கும் அதே ஆளு வந்து பாக்கணும். நாளைக்கு காலைல பஸ்ஸோ ப்ளைட்டோ ஏறப் போற லோகம், பார்டர்ல இருக்கற பேஷன்ட்டை வெச்சுக்கிட்டு, அடுத்து வர்றவருக்கு ஏன் தலைவலி, இப்பவே ஆரம்பிச்சுடலாம்னு சாயறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. இல்லன்னா நேர் எதிரா, அடுத்த ஆளு பாத்துக்கட்டும்னு தள்ளறதுக்கும். இந்த ரெண்டுக்கும் மருந்து ஹேண்டோவர்தான், அதாவது பேஷன்ட்டை அடுத்த டாக்டர்கிட்ட சொல்லி ஒப்படைக்கறது, பேப்பர்ல ரெண்டு வரி இல்ல, நேரா பேசற ஹேண்டோவர். கிளம்பற நாளும் வர்ற ஆளு நாளும் அரை நாளாவது ஒண்ணா விழற மாதிரி காண்ட்ராக்ட் போடற இடம் நல்ல இடம்.

சரி, வீட்டுக்கு வருவோம். லோகத்தோட பெரிய வரம், ப்ளாக் முடிஞ்சு கிளம்பினா போன் உங்களோடது இல்ல. எந்த பேஷன்ட்டும் உங்க பேர்ல இல்ல. வீட்டுல இருந்தா முழுசா இருப்பீங்க. பெர்மனன்ட்ல இருக்கறவங்க கனவுல கூட எடுக்க முடியாத ஆறு வார லீவை ஸ்கூல் லீவோட சேத்து எடுக்கலாம், வயசான அப்பா அம்மாவுக்கு ஆபரேஷன்னா ஒரு மாசம் எந்த ப்ளாக்கும் ஒத்துக்காம கூடவே இருக்கலாம், யார்கிட்டயும் லீவு லெட்டர் கொடுக்க வேண்டாம்.

ஆனா நீங்க வெளியூர் போயிருக்கற வாரங்கள்ல வீட்டுல என்ன நடக்குதுன்னு பாக்கணும். நீங்க அங்க 24 மணி நேரம் ஆன் கால்னா, வீட்டுல இருக்கற உங்க மனைவியோ வீட்டுக்காரரோ இங்க 24 மணி நேரம் ஆன் கால், வித்தியாசம் என்னன்னா அவங்களுக்கு பேமென்ட் கிடையாது, ஹேண்டோவரும் கிடையாது. குழந்தைக்கு காய்ச்சல், ஸ்கூல்லேர்ந்து போன், தண்ணி மோட்டர் ரிப்பேர், அவங்க ஆபீஸ்ல அன்னிக்குன்னு பாத்து மீட்டிங், எல்லாம் ஒரே ஆள். ரெண்டு வாரம் அப்படி ஓட்டி அவங்களே ஒரு ஒழுங்குக்கு வந்திருப்பாங்க, நீங்க வந்து முதல் ரெண்டு நாள் தூங்குவீங்க, மூணாவது நாள் எழுந்து ஏன் குழந்தைங்க இவ்ளோ லேட்டா தூங்கறாங்கன்னு கேப்பீங்க. முழு நேர லோகத்துல வீட்டுச் சண்டை கிளம்பற இடம் பல வீட்டுல இதுதான், பிரிவு இல்ல, திரும்பி வர்றது.

பிள்ளைங்க வயசும் கணக்குல வரணும். மூணு வயசுக் குழந்தைக்கு ரெண்டு வாரம்ங்கறது ரொம்ப நீளம், நாளைக்கு வருவேன்னா கூட அதுக்கு முழுசா புரியாது. எட்டு ஒம்பது வயசுல காலண்டர்ல கோடு போட்டு எண்ணும், அது சமாளிக்கும். வளந்த பிள்ளைங்கன்னா கவலையே இல்ல, தானே பாத்துப்பாங்கன்னு பொதுவா சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பதினஞ்சு வயசுப் பிள்ளை நீங்க வீட்டுல ஃப்ரீயா இருக்கற அந்த ரெண்டு வாரத்துல ஒரு வார்த்தை பேசாது, நீங்க போனப்பறம் ஒரு செவ்வாக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குத்தான் அதுக்கு பேசத் தோணும். அன்னிக்கு வீட்டுல யாரு இருக்காங்களோ அவங்ககிட்டதான் பேசும்.

ரொம்ப முக்கியமா ஒண்ணு. பெர்மனன்ட்ல வீட்டுல அவசரம்னா கூட இருக்கறவர் ஒருத்தர் அன்னிக்கு ராத்திரியைப் பாத்துக்குவாரு, நீங்க அவரோட ஒரு ராத்திரியைப் பின்னாடி பாத்துக்குவீங்க. லோகத்துல ப்ளாக் நடுவுல அப்பாவுக்கு ஸ்ட்ரோக்னு போன் வந்தா, அந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் நெஃப்ராலஜிஸ்ட். கிளம்ப முடியுமா? கிளம்பினா ஐசியுல மெஷின்ல இருக்கறவங்களுக்கு யாரு? காண்ட்ராக்ட்ல இதுக்கு ஒரு வரி இருக்கணும், பேக்கப் யாருன்னு பேரோட இருக்கணும். இல்லாத இடத்துக்கு, வீட்டுல வயசானவங்களோ உடம்பு முடியாதவங்களோ இருக்கறவங்க போக வேண்டாம்ங்கறது என் கட்சி, காசு எவ்ளோ கொடுத்தாலும்.

காசு பத்தி சுருக்கமா. லோகத்துக்கு ஒரு நாள் ரேட்டு பெருசா தெரியும், அதை 300ஆல பெருக்கிப் பாத்து மயங்காதீங்க. லீவுக்கு சம்பளம் இல்ல, உடம்பு சரியில்லன்னா சம்பளம் இல்ல, பிரசவத்துக்கு சம்பளம் இல்ல, ரிட்டையர்மென்ட்டுக்கு நீங்களே ஒதுக்கணும், வரியும் பல இடத்துல நீங்களே எடுத்து வெச்சுக் கட்டணும். லைசன்ஸ், ஆஸ்பத்திரி உங்க சர்ட்டிபிகேட்டைச் சரிபாக்கற க்ரெடென்ஷியல் வேலை எல்லாம் வாரக்கணக்கு, சில சமயம் மாசக்கணக்கு இழுக்கும், அந்த நாளுக்கும் வருமானம் இல்ல. ஒத்துக்கிட்ட ப்ளாக்கை அவங்க கடைசி நேரத்துல கேன்சல் பண்ணலாம், எத்தனை நாளைக்கு முன்னாடி சொல்லணும், சொல்லலைன்னா என்ன கொடுப்பாங்கன்னு எழுதி வாங்குங்க. இன்ஷூரன்ஸ்ல ஒரு விஷயத்தை விட்டுடாதீங்க: நீங்க அங்க வேலை பாத்த காலத்துல நடந்ததுக்கு எப்ப கேஸ் போட்டாலும் கவர் ஆகற பாலிசி ஒரு வகை, பாலிசி உயிரோட இருக்கும்போதே கேஸ் வந்தாத்தான் கவர் ஆகற பாலிசி இன்னொரு வகை. ரெண்டாவதுன்னா, நீங்க கிளம்பினதுக்கு அப்பறம் வர்ற கேஸுக்கு டெயில் கவர்னு தனியா வாங்கணும், அதுக்கு யார் காசு கட்டறதுன்னு முன்னாடியே பேசிடணும். நாலஞ்சு ஆஸ்பத்திரி மாறின ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

நடுவுல இருக்கற வழிகள்

இதுல பல ரகம். ஒண்ணு, பெர்மனன்ட் வேலையைக் குறைச்சுக்கிட்டு, பாதி இல்ல முக்கால் போஸ்ட்னு வெச்சுக்கிட்டு, வருஷத்துல சில வாரம் மட்டும் லோகம் போறது. இன்னொண்ணு, ஒரே ஆஸ்பத்திரில ஒரு வாரம் வேலை ஒரு வாரம் லீவுன்னு மாறி மாறி இன்பேஷன்ட் மட்டும் பாக்கற வேலை. மூணாவது, அவுட்பேஷன்ட் டயாலிசிஸ் மட்டும், ராத்திரி ஆன் கால் வேற யாரோ. நாலாவது, வீடியோல கன்சல்ட் பாக்கறது, இது உதவிக்கு நல்லா இருக்கும், முழு வேலையா இதையே வெச்சுக்கிட்டா ரெண்டு மூணு வருஷத்துல கை வேலை மறந்துடும். கேதீட்டர் போடறதும், பேஷன்ட்டோட கால் வீக்கத்தை அமுக்கிப் பாக்கறதும் ஸ்க்ரீன்ல வராது.

சின்னக் குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு என் ஓட்டு முதல் ரகத்துக்குத்தான். உங்களுக்குன்னு ஒரு டயாலிசிஸ் யூனிட், ஒரு கிளினிக், நீங்க வருஷக்கணக்கா பாக்கற பேஷன்ட்டுங்க இருப்பாங்க, ராத்திரி பாரம் குறையும், காசு குறையற இடத்தை சில வார லோகம் ஈடு கட்டும். ஆனா இதுல ஏமாறறது ரொம்ப சுலபம். பாதி போஸ்ட்டுன்னு சொல்லி பாதி சம்பளம் கொடுப்பாங்க, ஆன் கால் மட்டும் எல்லாருக்கும் சமம்னு முழுசா வரும். அதனால சம்பளத்தோட சதவீதத்தை விட ஆன் காலோட சதவீதத்தை எழுத்துல வாங்கறது முக்கியம். வெளில வேலை பாக்க அனுமதி உண்டா, எத்தனை தூரத்துக்குள்ள பாக்கக் கூடாதுன்னு ஏதாவது கண்டிஷன் இருக்கான்னும் பாருங்க. உங்க ஆஸ்பத்திரி கொடுக்கற இன்ஷூரன்ஸ் நீங்க வெளில போயி பாக்கற வேலைக்கு பொதுவா ஒட்டாது, அதுக்குத் தனியா இருக்கணும்.

லோகம்னாலே தூரத்து ஊருக்குத்தான் போகணும்னு இல்லங்கறதையும் பல பேர் யோசிக்கறதில்ல. பக்கத்து ஊர்ல தனியா ப்ராக்டீஸ் பண்ற ஒருத்தருக்கு மாசத்துக்கு ஒரு சனி ஞாயிறு கவர் கொடுத்தா ரேட்டு கம்மிதான், ஏஜென்சிக்கு இதுல அக்கறையே இருக்காது, ஆனா ராத்திரி உங்க படுக்கையிலதான் தூங்கறீங்க, சிஸ்டம் ஒரு தடவை கத்துக்கிட்டா போதும், நர்ஸுங்களுக்கும் உங்களைத் தெரியும். அதே இடத்துக்கு திரும்பத் திரும்பப் போற லோகத்துக்கும் புதுப் புது இடம் போற லோகத்துக்கும் உள்ள வித்தியாசம், பெர்மனன்ட்டுக்கும் லோகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விடப் பெருசுன்னே சொல்லுவேன்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வேலையும் நல்லாத்தான் இருக்கு, வீட்டுல எல்லாரும் காலண்டரைப் பாத்தா போதும், கேக்கவே வேண்டாம். குறை என்னன்னா லீவு வாரத்துல குழந்தைங்க ஸ்கூல்ல, துணை ஆபீஸ்ல, நீங்க மட்டும் வீட்டுல. வேலை வாரத்துல வர்ற சனி ஞாயிறு போயிடும். குடும்பத்தோட நேரம்னு நினைச்சு வாங்கினது பாதி தனி நேரமா மாறிடும். சில பேருக்கு அதுவும் தேவைதான், தப்பு இல்ல.

ரெண்டு பேருமே டாக்டர்னா

இங்க கணக்கே வேற. ரெண்டு பேரும் ஆன் கால் இருக்கற வேலைன்னா, ஒருத்தர் முழு நேர லோகம் போறதுக்கு அர்த்தம் இன்னொருத்தர் தன் ஆன் காலை வெளில விக்கணும் இல்ல தன் வேலையைக் குறைக்கணும். குறைக்கறது பல வீட்டுல கேக்காமலே பொம்பளை டாக்டர் தலைல விழுது, அப்பறம் அவ விருப்பப்பட்டுத்தான் குறைச்சான்னு ஒரு கதை. முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரோட அடுத்த அஞ்சு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, யாரோடது கோடு கோணாம நேரா போகுது, யாரோடது நடுவுல நிக்குதுன்னு கண்ணுக்கு முன்னாடி தெரியும்.

நெஃப்ராலஜிஸ்ட்டே அம்மாவா இருந்து சீக்கிரம் குழந்தை திட்டம் இருந்தா, பெர்மனன்ட் வேலைல கிடைக்கற சம்பளத்தோட பிரசவ லீவை லோகம் ரேட்டோட பக்கத்துல வெச்சுப் பாக்காம முடிவு எடுக்க வேண்டாம். குழந்தை பொறந்து ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு வார ப்ளாக் போறது முடியாதுன்னு இல்ல, பால் கொடுக்கறவங்களுக்கு ரொம்ப பாடு. அந்தக் காலத்துக்கு பக்கத்து ஊர் கவர், அவுட்பேஷன்ட் யூனிட் கவர் இதெல்லாம்தான் தாங்கும்.

எந்த வயசுல எது

ட்ரெயினிங் முடிச்ச உடனே லோகம் போறேன், ஊரெல்லாம் பாத்துட்டு எங்க பிடிக்குதோ அங்க உக்காருவேன்னு சொல்றவங்களுக்கு: யோசனை நல்லா இருக்கு, ஆனா முதல் வருஷம் கேக்கறதுக்கு பக்கத்துல ஒரு சீனியர் வேணும். பயாப்ஸி ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு ஸ்டெராய்ட் ஆரம்பிக்கலாமா வேண்டாமான்னு தனியா ஒரு ஊர்ல உக்காந்து முடிவு பண்றது ட்ரெயினிங்ல பண்ண மாதிரி இருக்காது. ஒண்ணு ரெண்டு வருஷம் ஒரு குரூப்ல இருந்துட்டு போறது உத்தமம்.

டிரான்ஸ்பிளான்ட் மேல ஆசை இருக்கறவங்களுக்கு முழு நேர லோகம் ஒத்து வராது. புது கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்கக் கொடுக்கற டாக்ரோலிமஸ் மருந்தோட லெவல், உடம்பு கிட்னியை ஒதுக்கற ரிஜெக்‌ஷனா பிகே வைரஸ் தொற்றான்னு குழம்ப வெக்கற கிரியேட்டினின் (கிட்னி ரத்த டெஸ்ட்), இதெல்லாம் அதே பேஷன்ட்டை மாசக்கணக்கா பாத்தாத்தான் கைவரும், ரெண்டு வருஷம் விட்டுட்டா திரும்ப உள்ள போறதும் கஷ்டம். வீட்டுலயே வயித்துக்குள்ள திரவம் விட்டுப் பண்ற பெரிட்டோனியல் டயாலிசிஸ் ப்ரோக்ராம் நடத்த ஆசைப்படறவங்களுக்கும் இதேதான். ஐசியு வேலையும் அக்யூட் வேலையும்தான் பிடிக்கும்ங்கறவங்களுக்கு லோகத்துல திறமை மழுங்காது, சொல்லப் போனா கூர்மையாகும்.

வயசாகி ஓட்டத்தைக் குறைக்க நினைக்கறவங்களுக்கு லோகம் மாதிரி ஒரு ஏற்பாடு வேற இல்லன்னு நினைக்கறேன். பிள்ளைங்க வெளில போயாச்சு, கடன் முடிஞ்சாச்சு, ஆனா கையும் மூளையும் வேலை கேக்குது. வருஷத்துக்கு ஆறேழு ப்ளாக், தெரிஞ்ச ரெண்டு ஆஸ்பத்திரி, துணையையும் கூட்டிக்கிட்டு போற மாதிரி ஊரு. ராத்திரி ஓடறது உடம்புக்கு முடியலைன்னா அவுட்பேஷன்ட் யூனிட் கவர் மட்டும் எடுக்கலாம்.

இன்னமும் முடிவு வரலைன்னா, வேலையை விடாம, இருக்கற லீவுல ஒரே ஒரு ரெண்டு வார ப்ளாக் போயிட்டு வாங்க. போறதுக்கு முன்னாடி லீவுல வெளில வேலை பாக்க உங்க காண்ட்ராக்ட் விடுதான்னு மட்டும் பாத்துக்கோங்க. திரும்பி வந்ததும் எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லாதீங்க, வீட்டுல இருந்தவங்களை முதல்ல சொல்ல விடுங்க, அதுவும் வந்த அன்னிக்கு இல்ல, ஒரு வாரம் கழிச்சு. நல்லா இருந்துச்சுன்னாங்கன்னா ரெண்டாவது ப்ளாக்கை ஸ்கூல் பரீட்சை நேரத்துல வெச்சுப் பாருங்க, லீவு நேரத்துல எல்லாமே சுலபமாத்தான் தெரியும். அதுவும் தாங்குச்சுன்னா அப்ப ராஜினாமா லெட்டரைப் பத்திப் பேசலாம், நோட்டீஸ் 30 நாளா 90 நாளான்னு எடுத்துப் பாத்துட்டு.